சாவடியில் கொடுத்த இரண்டு தெனாரியம்

(பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. நற்செய்தி: லூக்கா 10:25-37)



எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டும் குருவும் லேவியரும் ஏன் விலகிப் போனார்கள்? கல்நெஞ்சம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மார்ட்டின் லூதர் கிங் வேறொரு காரணமும் சொன்னார். 1968 ஏப்ரல் 3 அன்று, சுட்டுக் கொல்லப்படுவதற்கு முந்தைய நாள், மெம்பிஸ் நகரில் ஆற்றிய உரை அது. கீழே கிடப்பவன் நடிக்கிறானோ, கிட்டே போனால் மடக்கிப் பறிப்பார்களோ என்று அவர்கள் பயந்திருக்கலாம் என்றார். அந்தச் சாலையில் தாமே பயணம் செய்து அதன் வளைவுகளைப் பார்த்தவர் அவர்.

அந்தப் பயம் இன்று நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. பங்கு வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் மூக்கில் குழாயோடு ஒரு குழந்தை, மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதம், அடியில் க்யூஆர் கோடு. ஆளுக்கு நூறு ரூபாய் போட்டால் போதும், பகிருங்கள் என்று ஒரு வரி. சிலர் உடனே பத்துக் குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறோம். சிலர் 'எல்லாம் ஃப்ராடு' என்று அழித்துவிடுகிறோம். இரண்டு வகையிலும் அந்தக் குழந்தையின் பக்கத்தில் யாருமே போகவில்லை.

சமாரியர் போனார். காயத்தில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தபோது அவர் எதையும் விசாரிக்கவில்லை. ஆனால் காசு விஷயத்தில் அவர் செய்ததைக் கவனியுங்கள். அடிபட்டவர் மடியில் பணத்தைச் செருகிவிட்டுப் போகவில்லை. இரண்டு தெனாரியத்தை, அதாவது இரண்டு நாள் கூலியை, சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்தார். மேற்கொண்டு ஆவதைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். இரக்கமும் இருந்தது, கணக்கும் இருந்தது. பவுலும் எருசலேம் ஏழைகளுக்காகத் திரட்டிய காணிக்கையைத் தனியாளாகக் கையாளவில்லை. யாரும் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாதென்று, தீத்துவோடு திருச்சபைகள் தேர்ந்தெடுத்த ஒரு சகோதரரையும் அனுப்பினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே விசாரித்துக் கொடுப்பது விசுவாசக் குறைவு அல்ல.

எப்படி விசாரிப்பது? செய்தியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, மருத்துவமனையின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழையுங்கள். நோயாளியின் ஐபி நம்பரை, அதாவது உள்நோயாளி எண்ணைச் சொல்லி, அந்தக் கணக்கில் நேராகப் பணம் கட்ட முடியுமா என்று கேளுங்கள். க்யூஆரை ஸ்கேன் செய்தால் பணம் போகுமுன் கணக்குக்காரர் பெயர் திரையில் வரும். அவர் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்பதில் தப்பில்லை. படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய படத்தின் கீழ் புதிய எண்ணை ஒட்டிச் சுற்ற விடுகிறவர்கள் உண்டு. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் 1930க்கு உடனே அழையுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள்: தமிழக முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும் திட்டம் அது. நம் ஐந்நூறு ரூபாயைவிட, தாலுகா அலுவலகம்வரை கூடவே போய் வருமானச் சான்றிதழ் வாங்கிக் கொடுக்கிற அரை நாள் பெரிய உதவி.

விசாரிக்க நேரமில்லையா? அப்படியானால் பகிரவும் வேண்டாம். தெரியாத ஒன்றை உண்மை என்று பத்துப் பேருக்குச் சொல்வது எட்டாம் கட்டளையோடு உரசுகிற காரியம். குழுவில் நம் பெயரைப் பார்த்துத்தானே அடுத்தவர் பணம் போடுகிறார்?

இதுவரை சொன்னது உண்மையா பொய்யா என்பது பற்றி. ஆனால் நம்மில் பலர் அதோடு நிற்பதில்லை. உண்மைதான் என்று தெரிந்த பிறகும் நம் விசாரணை தொடர்கிறது. 'அப்பன் குடிகாரனாம்.' 'கையில் நல்ல போன் வைத்திருக்கிறாளே.' போன் இல்லாமல் ஆன்லைனில் எப்படி அம்மா கேட்பது? 'போன வருஷம்தான் மகளுக்குத் தடபுடலாகக் கல்யாணம் பண்ணினான்.' பண்ணட்டுமே! இன்று டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறவருக்கு அந்தக் கல்யாணச் சாப்பாடு சிறுநீரகத்தைத் திருப்பித் தருமா? அந்தியோக்கியாவில் ஏழை இலாசரைப் பற்றி மறையுரை ஆற்றியபோது புனித யோவான் கிறிசோஸ்தோம் இந்த இடத்தில் மிகவும் கறாராக இருந்தார். ஏழைக்கு அவனுடைய தேவையே தகுதி, நடத்தையைத் தோண்டாதே என்பது அவர் போதனை. பொய்யைக் கண்டுபிடிப்பது விவேகம். தேவை உண்மையென்று தெரிந்த பிறகும் ஒருவருடைய வாழ்க்கைக்கு மதிப்பெண் போடுவது ஆண்டவர் நம்மிடம் கொடுக்காத வேலை.

இவ்வளவு பார்த்தும் சில சமயம் ஏமாறுவோம். அதற்கு ஏமாற்றியவர் கடவுளிடம் கணக்குச் சொல்லட்டும். அந்த ஒருவரைக் காட்டி அடுத்து வரும் ஒன்பது பேருக்கும் கதவைச் சாத்தினால், அந்தக் கணக்கு நம் பெயரில் எழுதப்படும்.

இனி குழுவில் ஒரு வேண்டுகோள் வந்தால் முதலில் உங்கள் அன்பியப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். பக்கத்து ஊர் என்றால் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவராக நேரில் போய்ப் பார்ப்பார்கள். தூரம் என்றால் அந்த ஊர்ப் பங்குத்தந்தையை நான் அழைத்துக் கேட்கிறேன். சபையில் இப்போது நடக்கத் தெம்புள்ளவர்கள் குறைவு. இளையோர் நாலு பேர் திருப்பலி முடிந்ததும் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.