உடன் ஏறியவன்

கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் கோலா கெத்தில். சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங் செல்லும் சாலை அவ்வூர் வழியே போகிறது. அதிலிருந்து பிரிந்து தோட்டங்களுக்குள் நுழையும் பாதைகளில் இரவு முதிர்ந்தபின் பேருந்தை எதிர்பார்ப்பார் இலர். திருமணத்திற்கோ திருவிழாவிற்கோ சென்றவர் வீடு திரும்ப வேண்டுமாயின், யாரேனும் ஒருவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையோ காரின் ஒரு மூலையோ கிடைத்தால்தான் உண்டு. வண்டியைச் செலுத்துபவன் குடித்திருக்கிறான் என்பது ஏறுகின்றவனுக்குத் தெரியும், தெரிந்தே ஏறுகிறான். பாதி வழியில், சாலையோரம் நடந்துசென்ற முதியவர் ஒருவர்மீது வண்டி மோதி, அவர் உயிரிழந்தார் என்று கொள்வோம். செலுத்தியவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. உடன் ஏறியவன் யார்? சாட்சியா, உடந்தையா, அல்லது அவனும் ஒரு பலியாளா?

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் செலுத்துபவனையே நோக்குகிறது. 2020-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மதுவின் வரம்பு 50 ஆகக் குறைக்கப்பட்டது. குடிபோதையில் வண்டியோட்டி உயிர்ச்சேதம் விளைவித்தவனுக்குப் பத்தாண்டுக்குக் குறையாமலும் பதினைந்தாண்டுக்கு மேற்படாமலும் சிறை. அதனோடு 50,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். பின்னிருக்கையில் அமர்ந்தவனைப் பற்றி அப்பிரிவுகள் பேசவில்லை. அவனைக் குற்றத்தோடு பிணைக்க வேண்டுமாயின், தண்டனைச் சட்டத்தின் உடந்தைப் பிரிவுகளைத்தான் நாடவேண்டும். அங்கும், தூண்டினான் என்றோ, சதியில் சேர்ந்தான் என்றோ, வேண்டுமென்றே உதவினான் என்றோ மெய்ப்பிக்க வேண்டும். வாய்மூடி அமர்ந்திருந்தான் என்பது மட்டும் போதாது. (குடித்த பயணி, நண்பன் இறங்கிச் சென்றபின் சாவியோடு செலுத்துநர் இருக்கைக்கு மாறி உறங்கினால் நிலைமை வேறு, வண்டி அவன் பொறுப்பில் இருந்தது என்று சட்டம் கொள்ளக்கூடும். இதை அறியாதவர் பலர்.)

பிற நாடுகள் வேறு வழியில் சென்றுள்ளன. ஜப்பானின் ஃபுகுவோக்காவில், 2006 ஆகஸ்டில், குடிபோதையில் ஓட்டப்பட்ட கார் ஒன்று பாலத்தின்மீது இன்னொரு வண்டியில் மோதி, அவ்வண்டியிலிருந்த மூன்று குழந்தைகள் உயிரிழந்தனர். அதன் விளைவாக எழுந்த கொதிப்பில், 2007-இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. போதையை அறிந்தும், தன்னை ஏற்றிச் செல்லுமாறு கேட்டு உடன் சென்றவனுக்குத் தண்டனை. வண்டி கொடுத்தவனுக்குத் தண்டனை. ஓட்டப்போகிறவனுக்கு மது கொடுத்தவனுக்கும் தண்டனை. இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-ஆம் பிரிவோ, குடித்து ஓட்டுவதற்கு உடந்தையாவோருக்கும் ஓட்டியவனுக்குரிய தண்டனையே உண்டு என்கிறது. அதனைக் கொண்டு 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்தவனோடு பயணம் செய்வோருக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஜப்பானியச் சட்டம் 'அறிந்தும் கேட்டும்' என்று இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது; சென்னை அறிவிப்பு, உடனிருத்தலையே உடந்தையாகக் கொண்டது. இவ்வேறுபாடு சிறிதன்று.

இழப்பீடு பற்றிய வழக்குகளிலும் இதே வினா எழுந்ததுண்டு. 1937-இல் இலண்டனில் முடிசூட்டு விழா அலங்காரங்களைக் காண ஒரு குழு காரில் சென்றது. ஓட்டியவர் வழியில் குடித்தார். இடையில் இறங்கிக்கொண்ட ஒருவர், தொடர்ந்து செல்வோரின் துணிச்சலை வியந்து எச்சரித்தார். வண்டியிலிருந்த பெண்ணோ, நடப்பது நடந்தே தீரும் என்னும் பொருள்படப் பதிலளித்தார். சற்று நேரத்தில் விபத்து நேர்ந்து, ஓட்டியவர் இறந்தார், அப்பெண் காயமுற்றார். தெரிந்தே ஏறியதனால் ஆபத்துக்கு அவர் இசைந்துவிட்டார் என்ற வாதத்தை 1939-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை, இழப்பீடு கிடைத்தது. நாற்பதாண்டு செல்லுமுன் பார்வை மாறிற்று. ஓட்டியவனோடு கடை கடையாகச் சென்று சேர்ந்து குடித்தவன், 1977-இல் இங்கிலாந்தின் ஒரு வழக்கில் தன் இழப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தான். காயமுற்றவனின் சொந்தக் கவனக்குறைவுக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்க மலேசியாவின் 1956-ஆம் ஆண்டுச் சிவில் சட்டமும் இடமளிக்கிறது. தனியார் வண்டியில் பயணம் செய்வோர்க்கான காப்புறுதி இங்குக் கட்டாயமன்று என்பதையும் சேர்த்து எண்ணினால், உடன் ஏறியவன் கையை ஒடித்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்க நேரிடலாம்.

நடப்பது நடந்தே தீரும் என்ற அச்சொல் இலண்டனுக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்து லயங்களிலும் 'தலையெழுத்து' என்ற பெயரில் வழங்குகிறது. ஆனால் தன் தலையெழுத்தைப் பந்தயம் வைப்பவன், சாலையோரம் நடந்த முதியவரின் தலையெழுத்தையும் அவரைக் கேளாமலே பந்தயம் வைக்கிறான். அவனது இசைவு அவனுக்கு நேரும் தீங்கோடு நின்றுவிடுகிறது. கள்ளுண்ணாமையை ஓர் அதிகாரமாகவும் நட்பை வேறோர் அதிகாரமாகவும் வகுத்த வள்ளுவர், நண்பன் எல்லை கடக்கும்போது கண்டித்துரைப்பதை நட்பின் கடமைகளுள் ஒன்றாக்கினார். சேர்ந்து குடித்து, புட்டிக்குப் பணமும் கொடுத்து, 'போகலாம் வாடா' என்று தோளில் தட்டியவன் பயணி என்ற பெயருக்குள் ஒளிந்துகொள்ள இயலாது. கைப்பிடியை அவன் தொடவில்லை என்பது உண்மையே. எனினும் அப்பயணத்தை உண்டாக்கியவருள் அவனும் ஒருவன்.

அயலான் குடிப்பதில் தனக்கென்ன என்று கெடாத் தோட்டத் தமிழர் எக்காலத்தும் இருந்துவிடவில்லை. ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, 1947-இல் பீடோங் அருகேயுள்ள ஹார்வார்ட் தோட்டத்துக் கள்ளுக்கடையை எதிர்த்து மறியலில் இறங்கியது. காவல்துறையினரோடு நேர்ந்த மோதலில் உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. அடிமைப்பட்ட கூலிகள் என்று கருதப்பட்டவர்கள், ஒருவன் குடிப்பது அனைவருக்கும் உரிய செய்தி என்று உரைத்தனர். அவர்களுக்கு அதைக் கற்பிக்க எந்த அபராதப் பிரிவும் தேவைப்படவில்லை.

ஆயினும் எல்லாப் பயணிகளையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. மணவீட்டில் விருந்துண்டு, கைக்குழந்தையோடு கணவனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமரும் பெண்ணை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் குடித்திருப்பதை அவளினும் நன்கு அறிந்தார் இலர். ஏற மறுத்தால் ஊரார்முன் சண்டை, வீட்டில் அடி. ஏறினால் குழந்தையின் உயிருக்கு அச்சம். சென்னையின் அறிவிப்பை எழுத்தின்படி கொண்டால், அவளும் பத்தாயிரம் ரூபாய்க்குரிய உடந்தையே. மறுக்கும் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவே பொறுப்பு என்று கொண்டால், அவள் பங்கு கடுகளவு. புட்டி வாங்கியவன் பங்கோ மலையளவு. அவளினும் அதிகம் பொறுப்புடையோர் அவ்வண்டியில் ஏறாமலே இருக்கின்றனர். பந்தலில் ஊற்றிக் கொடுத்தவனும், வாசலில் கைகுலுக்கி வழியனுப்பியவர்களும், 'பார்த்துப் போப்பா' என்ற சொல்லோடு கடன் தீர்ந்ததாக உள்ளே திரும்பியவர்களும் அவர்களே. அவ்விருபது பேருள் ஒருவன் சாவியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்திருந்தால், அவள் அன்றிரவு மணவீட்டிலேயே பாய் விரித்துக் குழந்தையோடு படுத்திருந்து, விடிந்தபின் புறப்பட்டிருப்பாள்.