எழுநூற்றில் ஒன்று

கப்பல் மாதிரி செய்கிறவனுக்குத் தேதி வேண்டும். கப்பல் என்று பொதுவாக ஒன்று கிடையாது. இன்ன வருஷம் இன்ன மாதத்தில் அது இருந்த நிலைதான் உண்டு. ஃபீனிக்ஸ் என்ற அமெரிக்கக் குரூஸரின் பிளாஸ்டிக் மாதிரியை ஜெனரல் பெல்கிரானோவாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டும் ஒரே கப்பல். 1938இல் சேவைக்கு வந்து, 1941 டிசம்பர் 7இல் பேர்ல் ஹார்பரில் தப்பி, 1951இல் அர்ஜென்டினாவுக்கு விற்கப்பட்டது. அங்கே பெரோன் கட்சியாரின் திருநாளைப் பெயராகச் சுமந்தது; பெரோன் வீழ்ந்தபின் 1956இல் அந்தப் பெயரும் போயிற்று. (ஒரு சேமிப்புக் கணக்கில் இனிஷியலை மாற்ற நாங்கள் கேட்கிற காகிதங்கள் ஞாபகம் வருகின்றன.) 1982 மே 2இல், ஃபாக்லாந்துப் போரில், கான்கரர் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி அதை மூழ்கடித்தது. 323 பேர் செத்தார்கள். பிரிட்டன் அறிவித்திருந்த 200 மைல் வளையத்துக்கு வெளியே அது இருந்தது பற்றிய வழக்கு வேறு.

வேலை எளிது. பழைய விமான எதிர்ப்புப் பீரங்கிகளைச் செதுக்கி எடுத்து, ஸீகாட் ஏவுகணைத் தாங்கிகளைத் தகட்டில் வெட்டி ஒட்ட வேண்டும். பழைய புகைப்படங்களை லென்ஸ் வைத்துப் பார்த்துச் செய்கிறேன். சரியாக அமைகிறபோது வருகிற சந்தோஷம் கலப்படமற்றது. அந்தக் கலப்படமின்மைதான் எனக்குச் சந்தேகம் தருகிறது.

1970 என்று தேதி வைத்தால் அது குற்றமற்ற கப்பல். ஆனால் அந்த 323 பேர் இல்லையென்றால் நான் ஃபீனிக்ஸை ஃபீனிக்ஸாகவே விட்டிருப்பேன். 1982 மே 1 என்று வைத்தால் அவர்கள் சாவைக் காட்டாமலே அதன் கனத்தை மட்டும் கடன் வாங்குகிறேன். மே 2 என்று, மூக்கு பிய்ந்துபோன நிலையில் செய்கிறவர்களும் உண்டு. அவர்களைக் கொச்சை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்களும் புகைப்படத்துக்கே விசுவாசமானவர்கள். மூக்கை அறுத்த டார்பிடோ அல்ல, பின்பக்கம் இயந்திர அறையில் வெடித்ததுதான் அதிகம் பேரைக் கொன்றது. எழுநூற்றில் ஒன்று என்ற அளவில் வரும் பெட்டிகள் பலவற்றில் நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலே கிடையாது. மேஜைமேல் தட்டையாக உட்கார வசதியாக, அந்த இடம் முதலிலேயே வெட்டப்பட்டிருக்கிறது.

நம் யதார்த்தக் கதைகளில் பலவற்றை இப்படித்தான் பார்க்கிறேன். கூஜாவின் நசுங்கல், திண்ணைத் தூணின் எண்ணெய்ப் பிசுக்கு, பேச்சில் ஜாதிச் சாயல் எல்லாம் மில்லிமீட்டர் சுத்தம். விமர்சகனும் லென்ஸை எடுத்துக்கொண்டு சரி பார்த்து, ஆஹா என்கிறான். கோடு எங்கே வெட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. விவரம் தவறு என்றால் சண்டைக்கு வருகிறோம். விவரம் சரி என்பதாலேயே ஒருவன் எதையெல்லாம் பார்க்காமல் இருக்க அனுமதி பெற்றுவிடுகிறான் என்பது நமக்குப் பிரச்னையாகவே படவில்லை. துல்லியம் மரியாதையின் ஒரு வடிவம் என்று வாதாடலாம். நானும் வாதாடியிருக்கிறேன். யாருக்கு மரியாதை? இந்த அளவில் ஓர் ஆள் இரண்டரை மில்லிமீட்டர். என் டெக்கில் ஒருவரும் இல்லை.

மனிதர்களை வைப்பதாக இல்லை, பொம்மையாகிவிடும். அடிப்பகுதியை மட்டும் மரத்தில் செதுக்கிச் சேர்க்கிறேன். ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டு போதும்.