பிறவாதவரிடம் பட்ட கடன்

ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் மய்யித்தின் வாரிசு ஒருவர் எழுந்து நின்று, "எங்கள் தகப்பனாரிடம் எவருக்கேனும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் தீர்த்து வைக்கிறோம்" என்று அறிவிப்பதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். வியாபாரிகளாகிய நம் நெஞ்சை அந்த ஒரு நிமிடம் தொடுவதுபோல் வேறெதுவும் தொடுவதில்லை. நம் பேரேட்டில் எழுதாமல் விட்ட பாக்கி ஏதும் உண்டா என்று மனம் தானாகவே தேடத் தொடங்கிவிடுகிறது. ஆண்டவனுக்குச் செய்யத் தவறியதை அவன் மன்னிப்பான். அடியானிடம் பட்ட கடனை அந்த அடியான்தான் மன்னிக்கவேண்டும் என்று மத்ரஸாவில் உஸ்தாத் சொல்லித் தந்தது இன்றும் காதில் நிற்கிறது.

கடனுக்கு இவ்வளவு அஞ்சும் நாம், ஒரு பெரும் கடனை மட்டும் எந்தப் புத்தகத்திலும் எழுதாமல் நாள்தோறும் பட்டுக்கொண்டிருக்கிறோம். அதைப் பற்றிச் சகோதரர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறோம்.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு நண்பகல். ஜெலாப்பாங்கிலுள்ள நம் மளிகைக் கடைக்கு, முன்னாளில் தோட்டத்தில் பால்மரம் சீவிய முதியவர் ஒருவர் வந்தார். குடையை மடக்கிக்கொண்டே, "என்ன பாய், வெயில் இப்படிக் கொளுத்துது? அந்தக் காலத்திலே இப்படி இல்லையே" என்றார். "எல்லாம் ஆண்டவன் சோதனை, ஐயா" என்று சொல்லிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தோம். அவர் சென்ற பின், இடைநிலைப் பள்ளியில் படிக்கும் நம் மகள், "அத்தா, நாம எரிச்சதை அல்லாஹ் மேல போட்டுட்டீங்களே" என்றாள். கடையில் ஆள் இருக்கும்போது இப்படியா பேசுவது என்று அவளைக் கடிந்துகொண்டோம். ஆயினும் இரவில் கணக்கெழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை. ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய நாம், அவளையே கூப்பிட்டு அருகில் உட்காரவைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

விறகு, நிலக்கரி, பெட்ரோல், டீசல் ஆகியவற்றில் எதை எரித்தாலும் கரியமில வாயு பிறக்கிறது. அது நம் மூச்சிலும் உண்டு. மரஞ்செடிகளுக்கு உணவும் அதுவே. பூமி மேலே விடும் வெப்பத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. இத்தகைய வாயுக்கள் அறவே இல்லாவிடில் உலகம் உறைந்து போகும். அளவோடு இருந்தால் போர்வை. அளவு மீறினால் புழுக்கம். ஜான் டிண்டல் என்ற அறிஞர் 1859-லேயே இக்குணத்தைச் சோதித்துக் கண்டார். இவ்வாயு பெருகினால் உலகம் எவ்வளவு சூடேறும் என்று ஸ்வீடன் நாட்டு அரேனியஸ் 1896-ல் கணக்கே போட்டுவிட்டார். ஆகவே இது நேற்றுக் கிளம்பிய வதந்தியன்று.

அளவு என்ன என்பதைப் பார்ப்போம். துருவப் பனிக்குள் அடைபட்டிருந்த பழைய காற்றைச் சோதித்ததில், ஆலைகள் பெருகுமுன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்ததாகத் தெரிகிறது. மலாயா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டாகிய 1958-ல், சார்லஸ் கீலிங் என்ற அமெரிக்கர் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது நாள் தவறாமல் அளக்கத் தொடங்கினார். 1959-ஆம் ஆண்டின் சராசரி 316. 2024-ஆம் ஆண்டின் சராசரி ஏறத்தாழ 425. அதாவது, முன்பு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் ஏறியது 36 பங்கு. பின்பு 65 ஆண்டுகளில் ஏறியது ஏறத்தாழ 109 பங்கு. அந்த 2024-ல் உலகத்தின் சராசரி வெப்பம் பழைய நிலைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது.

"பத்தாயிரத்தில் நாலு பங்கு ஒரு பொருட்டா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு குடம் பாலைத் தயிராக்க ஒரு கரண்டி மோர் போதும் என்பதை நம் வீட்டுப் பெண்களே சொல்வார்கள். நாம் தராசு பிடிப்பவர்கள். எடைக்கல்லில் சிறிது தேய்ந்திருந்தால் வாங்குபவர் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஆயிரம் பேருக்கு நிறுத்த பின் அந்தத் தேய்மானம் ஒரு மூட்டை அரிசியாகிவிடும். அதனை ஹலாலான லாபம் என்று நம்மில் எவர் சொல்லத் துணிவார்?

நம் கணக்கையும் இவ்வாறே பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ அளவுதான். அது எரிந்தால் வெளிப்படும் கரியமில வாயுவோ ஏறத்தாழ 2.3 கிலோ. அதிலுள்ள கரி காற்றிலிருந்து பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்வதால் வாங்கிய சரக்கைவிடக் கழிவின் எடை கூடிவிடுகிறது. மின்சாரத்துக்குப் புகையில்லை என்று நாம் நினைத்திருந்தோம். நம் பேராக் மாநிலத்திலேயே, மஞ்சோங் கடற்கரையிலுள்ள அனல்மின் நிலையத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்குகிறது. அந்நிலையத்தின் ஆற்றல் 4,000 மெகாவாட்டுக்கும் மேல். நம் கடையில் மூன்று ஐஸ்பெட்டிகள். அவற்றுள் ஒன்று, பானங்கள் கண்ணில் படட்டும் என்று கதவில்லாமல் வாங்கியது. இரவு பகலாகத் தெருவையே குளிரவைக்க முயன்ற அந்தப் பெட்டிக்காக எங்கோ நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. நமக்கு அது தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ள நாம் முயலவில்லை என்பதே உண்மை.

1997-லும் 2015-லும் புகைமூட்டம் வந்தபோது நாம் இப்படி இருக்கவில்லை. கிளேடாங் மலை கண்ணுக்கு மறைந்தது; பல மாநிலங்களில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன; முகமூடி விற்றுத் தீர்ந்தது. கடைக்கு வந்தவர்கள் அனைவருக்கும் அதுவே பேச்சு. மழை வந்தது, புகை போயிற்று. கரியமில வாயுவோ நிறமில்லாதது, மணமில்லாதது. மழை அதனைக் கழுவிவிடுவதில்லை. இன்று நாம் விடுவதில் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் வானில் தங்கிவிடும். கண்ணைக் கரித்த புகைக்குக் கூச்சலிட்டோம். அதனினும் நீண்ட காலம் நிற்பதற்கு வாய் திறக்கவில்லை. மனச்சாட்சி கண்ணுக்குப் பின்னால் நடந்து வந்தால், கண்ணுக்குத் தெரியாத அநீதிக்கெல்லாம் அது உறங்கித்தானே கிடக்கும்?

"பெரிய நாடுகள் செய்ததற்குப் பெட்டிக் கடைக்காரன் என்ன செய்வான்?" என்பது அடுத்த கேள்வி. அதில் நியாயம் உண்டு. பழைய பாக்கி பெரும்பாலும் செல்வ நாடுகளுடையதே. ஆயினும் இன்றைய கணக்கில் மலேசியர் ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 8 டன் விழுகிறது. நம் முன்னோர் ஊரான இந்தியாவில் ஒருவருக்குச் சுமார் 2 டன். வங்காளதேசத்தில் ஒரு டன்னுக்கும் குறைவு. பெருங்கடன்காரன் கொடுக்கவில்லை என்பதைக் காட்டி, நம்மிடம் '555' புத்தகத்தில் பாக்கி வைத்தவர் கொடுக்க மறுத்தால் நாம் ஒப்புக்கொள்வோமா?

பிழைப்பு என்னாவது என்ற கேள்வியையும் நாம் ஒதுக்கவில்லை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, லோரி வாடகை என்னாகுமோ என்று நாமும் புலம்பியவர்களே. ஏழைமீது பாரத்தைத் தள்ளிவிட்டு உலகத்தைக் காப்போம் என்பது நியாயமன்று. ஆனால் மலிவு என்று நாம் மகிழ்ந்த விலையில் ஒரு பகுதியை வேறொருவர் கட்டவேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்கலாகாது.

அவர் யார்? இதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. கிந்தா பள்ளத்தாக்கைப் பாருங்கள். ஈயம் எடுத்தவர்கள் எடுத்தார்கள், 1985-ல் விலை விழுந்தது, கம்பெனிகள் போயின. பள்ளங்கள் நீர் நிறைந்து இங்கேயே கிடக்கின்றன. லாபம் ஒருவருக்கு, பள்ளம் பின்னால் வந்தவருக்கு. வானத்திலும் அவ்வாறே ஒரு பள்ளத்தை நாம் தோண்டிவைக்கிறோம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். பெய்யும்போது அதற்கேற்பக் கொட்டும். இன்ன வெள்ளம் இன்னாரால் வந்தது என்று ரசீது எழுத முடியாது. ஆனால் கொட்டும் மழையும் ஏறும் கடலும் வங்காளத்துக் கரையில் உழுபவனுக்கும், நம் பேரன் பேத்திகளுக்கும் போய்ச் சேரும் என்பதில் ஐயமில்லை.

சகோதரர்களே, இங்குதான் நம் நெஞ்சு நடுங்குகிறது. அடியானிடம் பட்ட கடனை அந்த அடியான்தான் மன்னிக்கவேண்டும். இக்கடனுக்கு உரியவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. யாரிடம் போய் மாப்புக் கேட்பது? வாரிசு எழுந்து நின்று அறிவிக்கும்போது, "எனக்குப் பாக்கி உண்டு" என்று சொல்ல அவர்கள் பள்ளிவாசலில் இருக்கமாட்டார்கள். கேட்க ஆளில்லாத கடன் கடனில்லை என்று ஆகிவிடுமா? சாட்சியில்லாத அமானிதத்தையும் நாணயமாகத் திருப்பிக் கொடுப்பவனே வியாபாரி. மன்னிப்புக் கேட்க வழியில்லாத கடனுக்கு ஒரே பரிகாரம், அதை மேலும் வாங்காமல் குறைத்துக்கொள்வதே.

ஆகவே நம்மால் ஆவதைச் சொல்கிறோம். முதலாவது, உண்மையைச் சொல்வது. கடை என்பது நாலு பேர் வந்து போகும் இடம். விலைவாசியைச் சொல்லும் வாயால் இதையும் சொல்லலாம். ஆண்டவன் செய்ததையும் மனிதன் செய்ததையும் பிரித்துச் சொல்லலாம். மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தரலாம். இரண்டாவது, சொல்வதற்கு ஏற்ப நடப்பது. கதவில்லாத ஐஸ்பெட்டிக்கு மேல் விழிப்புணர்வுத் தாளை ஒட்டுவது தேய்ந்த எடைக்கல்லைப் பச்சைத் துணியால் மூடுவது போன்றது. பக்கத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரே லோரியில் சரக்கெடுக்கலாம். கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகளை எரிப்பதை நிறுத்தலாம். சங்கத்துக் கூரையில் சூரிய மின்தகடு போட என்ன செலவாகும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கலாம்.

நாம் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டுக் கதவுள்ளதை வைத்தோம். குளிர்பான விற்பனை சற்றுக் குறைந்தது; மின்கட்டணமும் குறைந்தது. முதியவர் மறுபடி வந்தபோது, "அன்றைக்கு உங்களுக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன், ஐயா" என்று தொடங்கி விவரத்தைச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "அப்போ காட்டை அழிச்சதையும் அந்தக் கணக்கிலே சேர்த்துக்குங்க, பாய்" என்றார். காட்டை அழித்தாலும் கரியமில வாயு கூடும் என்பது மெய்யே. நம் மகளிடம் அதைச் சொன்னோம். அவளிடம் நாம் கேட்கவேண்டிய மன்னிப்பையும் அன்றே கேட்டுக்கொண்டோம். அவளாவது எதிரில் இருந்தாள்.

கணக்கை நேராக எழுதும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.