குதிரை மறைக்கும் தரிசனம்

ரோமில் சாந்தா மரியா தெல் பொப்போலோ ஆலயத்துக்காக கரவாஜியோ 1600-01-இல் தீட்டிய ஓவியத்தில், தமஸ்கு சாலையில் கிறிஸ்துவின் தரிசனம் பெற்ற சவுல் (பின்னாளில் திருத்தூதர் பவுல்) மல்லாந்து கிடக்கிறார். ஆனால் திரையை அடைத்துக்கொண்டு நிற்பது குதிரை. (விவிலியத்தில் இல்லாத குதிரை, ஓவியர்கள் கொடுத்தது.) அவரை மிதிக்காமல் முன்னங்காலைத் தூக்கியிருக்கிறது. நெற்றி சுருங்கிய கிழவர் ஒருவர் அதைப் பிடித்திருக்கிறார். கிறிஸ்து இல்லை, தேவதூதர் இல்லை. லாயத்தில் நடந்த விபத்துபோல இருப்பதை எப்படித் தரிசனம் என்பது? இதில் செயலே இல்லையென்று அந்த நூற்றாண்டின் கலை வரலாற்றாசிரியர் பெல்லோரியே குறைபட்டார்.

தரிசனத்தை வானத்தில் தேடினால் அந்தக் குறை நியாயம்தான். கரவாஜியோவும் முதலில் அப்படித்தான் தேடினார். சைப்ரஸ் பலகையில் வரைந்த முந்தைய ஓவியத்தில், தேவதூதர் தாங்கிப் பிடிக்க கிறிஸ்து மேலிருந்து கை நீட்டுகிறார். சவுல் முகத்தைப் பொத்திக்கொள்கிறார். வீரன் ஈட்டியும் கேடயமுமாக நிற்கிறான். ஒரே தள்ளுமுள்ளு. திருத்தூதர் பணிகள் நூலின் 9-ஆம் அதிகாரமோ, உடன் வந்தவர்கள் குரலைக் கேட்டார்கள், ஆனால் எவரையும் காணவில்லை என்கிறது. அந்த வரிக்கு நெருக்கமானது இரண்டாவது ஓவியமே. வெளிச்சம் குதிரையின் விலாவிலும் சவுலின் மார்பிலும் ஒன்றுபோல விழுகிறது. சவுலின் இமைகள் மூடியிருக்கின்றன, கைகள் மட்டும் யாரையோ வாங்கிக்கொள்வதுபோல அகல விரிந்திருக்கின்றன. பார்க்கும் நமக்குக் கிடைப்பது அந்தக் கைகள்தான். கிழவருக்கோ குதிரை மிரண்டுவிடக் கூடாதே என்ற கவலை.