பந்தைத் தொடாதவர்கள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதில் கதாநாயகன் யார் என்று கண் தேடும். கல்யாண வீட்டுக்குள் நுழைந்தாலும் சரி, கோர்ட்டுக்குள் நுழைந்தாலும் சரி, ஓர் ஆளைப் பொறுக்கி நடுவில் நிறுத்திவிட்டு, மற்றவர்களையெல்லாம் அவனைச் சுற்றி நிற்க வைத்துவிடும். நாற்பது வருஷமாக இதைச் செய்தே பிழைத்தவன் நான். இது சரிதானா என்ற சந்தேகத்தை எனக்குள் கிளப்பியது ஒரு பந்தாட்டம் என்று சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில், தங்கை மகன் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். வெளியே பனி, உள்ளே டெலிவிஷன். ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பிரதேசமே வேறு காரியத்தை மறந்துவிடும். வடக்கே, ஒரு லட்சம் ஜனங்கள்கூட நிறைந்திருக்குமோ என்னவோ, கிரீன் பே என்று ஓர் ஊர். அந்த ஊரின் கோஷ்டிக்குப் பேக்கர்ஸ் என்று பெயர். பெரிய பெரிய நகரங்களின் கோஷ்டிகளுக்கெல்லாம் கோடீசுவர முதலாளிகள் இருக்க, இந்தக் கோஷ்டி மட்டும் 1923 முதல் பொதுஜனங்கள் வாங்கிய பங்குகளில் நடக்கிறது. இந்தச் செய்தி எனக்கு உடனே பிடித்துப் போயிற்று.

ஆட்டம்தான் புரியவில்லை. கால்பந்து என்று பெயரே தவிர காலுக்கு அதில் அதிக வேலை இல்லை. உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்து. பக்கத்துக்குப் பதினொரு பேர். தலையிலும் தோளிலும் கவசம். நாலு முயற்சிக்குள் பத்துக் கஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நாலு முயற்சி கிடைக்கும். இல்லாவிட்டால் பந்து எதிரியிடம் போய்விடும்.

"இவ்வளவு தெரிந்தால் போதும், மாமா. இதில் பெரிய ஆள் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்றான் மருமான்.

"இதென்ன கேள்வி? பந்தை எறிகிறானே, அவன்தான்" என்றேன். குவார்ட்டர்பேக் என்று அவனுக்குப் பெயர். காமிராவே அவனைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

மருமான் பதில் சொல்லவில்லை. 1960-களில் எடுத்த ஒரு பழைய படத்தைத் தேடிப் போட்டான். "இப்போது பந்தைப் பார்க்காதீர்கள். 63, 64 என்று எண் போட்ட இரண்டு பேரை மட்டும் பாருங்கள்" என்றான்.

பார்த்தேன். முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்கிறார்கள். எதிரே நிற்பவனை மறித்துத் தள்ளுவதுதான் அவர்கள் பிழைப்பு. ஆனால் பந்து கிளம்பிய அதே கணத்தில் அந்த இரண்டு பேரும் தங்கள் இடத்தை விட்டுவிட்டு, பின்னால் ஒரு அடி வாங்கி, பக்கவாட்டில் ஒரே திசையில் ஓடினார்கள். 63 ஃபஸ்ஸி தர்ஸ்டன், 64 ஜெர்ரி கிரேமர். அவர்கள் காலி செய்த சந்தில் எதிரி புகுந்துவிட்டால் ஆட்டம் போச்சு. ஆனாலும் இருவரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏனென்றால் நடுவில் நிற்கும் ஜிம் ரிங்கோ அதற்குள் குறுக்கே பாய்ந்து அந்தச் சந்தை அடைத்திருப்பார். ஓரத்தில் நிற்கும் இன்னொரு கிரேமர் (ரான் கிரேமர் என்று பெயர், உறவெல்லாம் இல்லை) தமக்கு எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் போக ஆசைப்படுகிறானோ, அந்தப் பக்கமே அவனைத் தள்ளிக்கொண்டு போவார். பந்தை ஏந்திக்கொண்டு பின்னால் வரும் பால் ஹார்னங், முன்னே ஓடும் இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டே வந்து, எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே நுழைவார். எல்லாம் நாலைந்து விநாடிதான்.

மைதானத்தில் இருப்பவர்கள் கண்டது ஹார்னங் பத்துக் கஜம் ஓடியதை. மறுநாள் பத்திரிகையில் வருவதும் அதுதான். தர்ஸ்டன் பெயரில் எழுத அந்த நாள் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தியே கிடையாது. முன்வரிசைக்காரர்கள் பந்தோடு ஓடுவதில்லை. எறிகிற பந்தை அவர்கள் சாதாரணமாகப் பிடிக்கவும் கூடாது. பந்தைத் தொடாமலே தங்கள் ஆட்டக் காலம் முழுவதையும் கழித்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

இந்த ஒரே வித்தையை 'ஸ்வீப்' என்பார்கள். அதைப் பழக்கியவர் வின்ஸ் லொம்பார்டி என்ற பயிற்சியாளர். பயிற்சியாளர்களுக்கான ஒரு வகுப்பில் இந்த ஒரு வித்தையைப் பற்றி மட்டும் எட்டு மணி நேரம் அவர் பேசினார் என்று, அன்று பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட ஜான் மேடன், தாமும் பெரிய பயிற்சியாளரான பிறகு சொல்லியிருக்கிறார். எட்டு மணி நேரம்! நம் பாகவதர்கள்கூட ஒரு பல்லவியோடு இவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள்.

"கட்டுப்பாடெல்லாம் சரி. கெட்டிக்காரர்கள் கையில் இருந்தால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்?" என்று வாதத்துக்கு இழுத்தேன். அவன் சொன்ன பதில்தான் என்னை மடக்கியது. லொம்பார்டி வருவதற்கு முந்திய வருஷம், 1958-ல், பேக்கர்ஸ் ஆடிய பந்தயங்கள் 12. ஜெயித்தது ஒன்று, சமமாக முடிந்தது ஒன்று, மீதிப் பத்தும் தோல்வி. அந்தத் தோற்ற கோஷ்டியில் இருந்தவர்கள் யார்? குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார், ஹார்னங், ஜிம் டெய்லர், ஃபாரஸ்ட் கிரெக், ரே நிட்ஷ்கி, ரிங்கோ, ஜெர்ரி கிரேமர். இந்த ஏழு பேரும் பிற்காலத்தில் அந்த ஆட்டத்தின் கீர்த்தி மண்டபத்தில் இடம் பெற்றவர்கள். மகா வீரர்கள் ஏழு பேர் ஒரே கோஷ்டியில் இருந்து, பன்னிரண்டில் பத்துத் தோல்வி! 1959-ல் லொம்பார்டி வந்தார். அந்த வருஷமே ஏழு வெற்றி. 1961-ல் நியூயார்க் ஜயன்ட்ஸை 37-0 என்று தோற்கடித்துச் சாம்பியன் பட்டம். 1967 முடிவதற்குள் ஏழு வருஷத்தில் ஐந்து பட்டங்கள். ஆட்களில் பெரும்பாலோர் பழைய ஆட்கள்தான். நட்சத்திரங்கள் கட்டுப்பாட்டுக்கு முன்னாலும் அங்கே இருந்தார்கள். ஆனால் அவர்கள் நட்சத்திரங்கள் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை!

இதற்கு எதிர்ப்பக்கக் கதையும் உண்டு. டெட்ராயிட் லயன்ஸ் கோஷ்டியின் பாரி சாண்டர்ஸ். பந்தோடு ஓடுவதில் அவரைப் போல் இன்னொருவரைக் காண்பது அரிது. அவர் ஓடும் படத்தைப் பார்த்தபோது, எதிரிகள் கையில் அவர் சட்டை அகப்படுகிறதே தவிர அவர் அகப்படுவதில்லை என்று தோன்றிற்று. பத்து வருஷத்தில் 15,269 கஜம் ஓடினார். அந்தப் பத்து வருஷத்தில் பருவ இறுதிப் போட்டிகளில் அவர் கோஷ்டி ஜெயித்தது ஒரே ஓர் ஆட்டம். 1994 டிசம்பர் 31 அன்று இதே கிரீன் பே மைதானத்தில் பேக்கர்ஸ் அவரை எப்படி அடக்கினார்கள் தெரியுமா? அவர் 13 முறை பந்தை ஏந்தி ஓடினார். கூட்டிப் பார்த்தால் கிடைத்தது ஒரு கஜம் நஷ்டம். சாண்டர்ஸுக்கு அன்று கால் மறந்து போய்விடவில்லை. பதினொரு பேர் தத்தம் இடத்தை விட்டு நகரவில்லை, அவ்வளவுதான். 1999-ல், அன்றைய சாதனைக்கு 1,457 கஜமே குறைவாக இருக்கும்போது, உடம்பில் பலம் இருக்கும்போதே, அவர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கிவிட்டார். அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு சங்கடப்படுகிறது. நாவலாசிரியன் அனுதாபம் எப்போதும் இப்படிப்பட்டவர்கள் பக்கம்தான் போகும்.

2002 பிப்ரவரி 3-ம் தேதி நடந்த சூப்பர் பௌல் இறுதிப் பந்தயத்தையும் மருமான் காட்டினான். வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைப்பது அப்போது அந்தப் பந்தயத்தின் சம்பிரதாயமாக இருந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, எல்லோரும் ஒரே கும்பலாக ஓடி வந்தார்கள். எதிரே செயின்ட் லூயிஸ் ராம்ஸ், நட்சத்திரக் கூட்டம். அன்று ராம்ஸ் 427 கஜம் முன்னேறினார்கள், பேட்ரியட்ஸ் 267 கஜம்தான். முடிவோ 20-17, பேட்ரியட்ஸுக்கு வெற்றி. சரியாக ஆறு வருஷம் கழித்து, அதே பிப்ரவரி 3-ல், 18 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து, தாங்களே நட்சத்திரங்களாகிவிட்ட அதே பேட்ரியட்ஸ், ஜயன்ட்ஸிடம் 17-14 என்று தோற்றார்கள். அந்த வெற்றிக்கு உதவியது டேவிட் டைரீ பந்தைத் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்த ஓர் அதிசயம். ஆகையால் தனி மனிதனின் அற்புதத்துக்கு இந்த ஆட்டத்தில் இடமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் டைரீ பிடித்த பந்துகள் மொத்தம் நாலே நாலு. மற்ற நேரமெல்லாம் யாரும் கவனிக்காத வேலைகளைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார்.

கட்டுப்பாடு என்றால் கீழ்ப்படிதல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பட்டாளத்துக் கட்டுப்பாடு. இங்கே நான் கண்டது வேறு. குவார்ட்டர்பேக் பல சமயம் ஆள் இல்லாத வெற்றிடத்தை நோக்கித்தான் பந்தை எறிகிறான். பிடிக்க வேண்டியவன் அப்போது முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருப்பான். இத்தனையாவது அடியில் அவன் திரும்புவான், அந்த இடத்தில் இருப்பான் என்று இவனுக்குத் தெரியும். தர்ஸ்டன் திரும்பிப் பார்க்காமல் ஓடியதும் அதனால்தான். மற்றவன் தன் இடத்தில் இருப்பான் என்று கண்ணால் பார்க்காமலே நம்புவது. தன்னையும் ஒருவன் அப்படி நம்பியிருக்கிறான் என்பதை மறக்காமல் இருப்பது. இந்த நம்பிக்கைக்கு முன்னால் ஒற்றை ஆளின் சாமர்த்தியம் தோற்றுப் போவதில் ஆச்சரியம் இல்லை. அவன் எவ்வளவு வேகமாக நினைத்தாலும், தான் ஒருவனாகத்தானே நினைக்க முடியும்?

இவ்வளவு ஒப்புக்கொண்ட பிறகும் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. "எங்கள் ஆபீஸிலும் இதையேதான் சொல்கிறார்கள், மாமா, எல்லோரும் ஒரே டீம் என்று" என்றான் மருமான். அவன் குரலில் உற்சாகம் இல்லை. கூட்டு உழைப்பின் பெருமையை உரக்கப் பேசுகிறவர்களில் பலர், கூட்டு லாபம் வரும்போது எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்துவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? இறுதிப் பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் வெள்ளிக் கோப்பைக்குப் பெயர் லொம்பார்டி கோப்பை. கூட்டுறவைப் போதித்ததற்காக ஒரு தனி மனிதர் பெயர்! 64-ம் எண் கிரேமரைக் கீர்த்தி மண்டபத்தில் சேர்த்தது 2018-ல். அப்போது அவருக்கு வயது 82. 63-ம் எண் தர்ஸ்டன் அந்த மண்டபத்தில் இடம் பெறாமலே 2014-ல் காலமானார். திரும்பிப் பார்க்காமல் ஓடியவனை உலகமும் திரும்பிப் பார்க்கவில்லை. இது நியாயமா?

பிறகு எதற்காக அவர்கள் அப்படி ஆடினார்கள்? சம்பளம் என்று சொல்லலாம். அன்றைய சம்பளம் ஒன்றும் பிரமாதம் இல்லை. லொம்பார்டியிடம் பயம் என்றும் சொல்லலாம். அது ஓரளவு உண்மை. ஆனால் கிரேமர் தாம் எழுதிய 'இன்ஸ்டன்ட் ரீப்ளே' என்ற நாட்குறிப்புப் புத்தகத்தில் வேறொன்றையும் சொல்லியிருக்கிறார். ஆட்டம் முடிந்ததும் கோஷ்டி முழுவதும் ஓர் இருட்டு அறையில் உட்கார்ந்து படத்தைப் பார்க்கும். லொம்பார்டி ஒரே காட்சியை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருப்பார். யார் அரை அடி பிந்தினான், யார் சோம்பினான், எல்லாம் அங்கே வெளுத்துவிடும். ஐம்பதாயிரம் பேர் பார்க்காததை அந்த அறையில் நாற்பது பேர் பார்த்தார்கள். அவமானமும் அங்கேதான், மரியாதையும் அங்கேதான். ஒரு நாள் பயிற்சியில் கிரேமரைக் கண்டபடி திட்டித் தீர்த்த லொம்பார்டி, அப்புறம் அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்த இடத்துக்கே போய், தலைமயிரைக் கலைத்துவிட்டு, 'இந்த ஆட்டத்திலேயே சிறந்த கார்டாக நீ வருவாய்' என்ற பொருளில் ஏதோ சொன்னாராம். ஊருக்குத் தெரியாத உழைப்பாளிக்குத் தன்னை ஊர் அறிய வேண்டுமென்ற ஆசைகூட அவ்வளவு இல்லை. விஷயம் தெரிந்த ஒருவர் அறிந்தால் போதும் என்று இருக்கிறான். என் மருமானின் ஆபீஸில் அந்த இருட்டு அறை இல்லை. குறை அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய இரவு 1967 டிசம்பர் 31-ம் தேதி ஆட்டத்தைப் பார்த்தோம். பேக்கர்ஸ், டல்லஸ் கௌபாய்ஸ். கிரீன் பேயில் அன்று குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரி ஃபாரன்ஹீட். நடுவர்கள் ஊதலை உதட்டில் வைக்க முடியாமல் வாயால் கத்தியே ஆட்டத்தை நடத்தினார்கள். 17-14 என்று டல்லஸ் முன்னால் இருக்கிறது. கடைசி 16 விநாடி. கோட்டுக்கு இரண்டடி தூரம்.

68 கஜ தூரத்திலிருந்து பந்தை அங்கே கொண்டுவந்ததில் பாதி, 34 கஜம், சக் மெர்சீன் என்பவருடைய உழைப்பு. ஜயன்ட்ஸ் கோஷ்டி வேண்டாமென்று விட்டு, அந்தப் பருவத்தின் நடுவில்தான் இங்கே வந்து சேர்ந்தவர். கடைசி முயற்சிக்கு ஸ்டார் சொன்ன வியூகப்படி பந்து மெர்சீனிடம் வர வேண்டும். ஆனால் தரை பனிக்கட்டியாகிவிட்டது, கால் வழுக்கும் என்று, பந்தைக் கை மாற்றாமல் தாமே கொண்டுபோவதென ஸ்டார் லொம்பார்டியிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தார். மெர்சீனுக்குத் தெரியாது. கிரேமரும் கென் பௌமனும் எதிரே நின்ற ஜெத்ரோ பியூவைத் தள்ள, அந்த இடுக்கில் ஸ்டார் பாய்ந்து விழுந்தார். 21-17.

அந்தக் கணத்தின் போட்டோ பிரசித்தமானது. ஸ்டார் கீழே கிடக்கிறார். அவருக்குப் பின்னால் மெர்சீன் இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு விழுகிறார். வெற்றிக் களிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"இல்லை, மாமா. பந்து தனக்கு வரும் என்று பாய்ந்தார், வரவில்லை. பந்து வைத்திருப்பவனைச் சொந்தக் கோஷ்டிக்காரன் பின்னாலிருந்து தள்ளினால் அப்போதெல்லாம் அது குற்றம். நான் அவரைத் தள்ளவில்லை, என் கை படவில்லை என்று நடுவருக்குக் காட்டத்தான் அப்படித் தூக்கினார். அவரே சொல்லியிருக்கிறார்" என்றான்.

படத்தை இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன்.