மட்கார்டின் நீளம்

திருவரங்கத்துத் தெரு நனைய மழை வேண்டியதில்லை. விடியும் முன்பே வாசல்தோறும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் சித்திரை வீதியில் சைக்கிள் மிதிப்பவருக்கு ஆண்டு முழுவதும் ஈரத் தெருதான்.

*

சுழலும் டயரின் அடிப்புறத்திலிருந்து தெறிக்கும் நீர் பின்னோக்கிப் பாயும். முன்சக்கரத்து நீர் பாதத்துக்கும் பெடல் அச்சுக்கும் செயினுக்கும் போகிறது. பின்சக்கரத்து நீர் மேலேறி முதுகுக்கு வருகிறது. ஆகவே மட்கார்டு வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, முன் மட்கார்டின் பின்முனை எவ்வளவு தாழ இறங்குகிறது என்பதை. குட்டையாக இருந்தால், பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி அந்த முனையில் போல்ட் போட்டுத் தொங்கவிடலாம். கணுக்கால் நனையாது. செயினும் நெடுநாள் உழைக்கும்.

*

முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் 1949-ல் சென்னையில் தொடங்கியது டி.ஐ. சைக்கிள்ஸ். அவர்களுடைய பழைய கறுப்பு ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளில் மட்கார்டு நீளமாக, தாழ இறங்கி இருக்கும். பின் மட்கார்டின் முனையில் வெள்ளைப் பூச்சு. இருட்டில் பின்னால் வருகிறவர் கண்ணில் படுவதற்காக. அந்த நீளமும் பின்னால் வருகிறவருக்கானதுதான். வெள்ளை வேட்டியோடு கோயிலுக்கு நடந்து போகிறவர்மேல் சேறு தெளிப்பதற்கு நமக்கு என்ன உரிமை?

*

அந்தப் பெரிய மட்கார்டு ஒன்றரை அங்குல டயருக்கானது, சுமார் 40 மில்லிமீட்டர். இன்றைய தடித்த டயர் 50-ஐத் தொடும். டயரைவிட மட்கார்டு இருபுறமும் சற்றாவது அகலமாக இருந்தால்தான் பயன்.

டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி ஒரு விரல் கனம் போதும். அதைவிடக் குறைந்தால் படித்துறைப் பக்கத்து வண்டல் உள்ளே அப்பிக்கொள்கிறது. சுள்ளி ஒன்று சிக்கினால் முன்சக்கரம் நின்று ஆளையே தூக்கி எறியும். 1976-ல் திறந்த காவிரிப் பாலத்தில் பக்கவாட்டில் பஸ் அடிக்கும் தண்ணீருக்கு எந்த மட்கார்டும் தடை இல்லை. அது வேறு கணக்கு.

*

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. ஆனால் திருச்சி வெயிலில் காய்ந்து, போல்ட் துளை அருகே கீறல் விடுகிறது. இரும்பு உட்புறம் சேறு தங்கும் இடத்தில் அரிக்கும். கழுவி வைத்தால் காலம் தள்ளும், நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். நான் இரும்பின் பக்கம்.

மாட்டும்போது நட்டுகளைத் தளர்வாகவே விட்டு, சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். தாங்கும் கம்பியின் நீளம் பொருந்தாவிட்டால் மட்கார்டை இழுத்து வளைக்கக் கூடாது. அந்த இறுக்கமே பின்னால் விரிசலாகும். ரப்பர் வாஷர் வைத்தால் கடகடப்பு அடங்கும். ஒரு வாரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும்.

*

இப்போது பல வண்டிகள் மட்கார்டு இல்லாமலே கடைக்கு வருகின்றன. விலை பேசும் முன்பே குனிந்து, ஃபோர்க்கின் அடிமுனையில் கம்பி மாட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.