முள்ளங்கிப் பெட்டி

‘குங் ஃபூ பாண்டா 2’ ஓர் இனப்படுகொலையைப் பற்றிய படம். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். குண்டுப் பாண்டா, நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் வாத்து அப்பா, கூடவே சண்டை போடும் ஒரு குரங்கு, இதுல எங்கடா இனப்படுகொலை என்கிறார்கள்.

படம் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே இருக்கிறது. கோங்மென் நகரத்து இளவரசன் ஷென், ஒரு வெள்ளை மயில். வாணவேடிக்கை மருந்தை ஆயுதமாக்கப் பார்க்கிறான். கறுப்பும் வெள்ளையுமான ஒரு வீரனால் அவன் தோற்பான் என்று குறிசொல்லும் ஆட்டுக் கிழவி சொல்கிறாள். ‘ஒரு வீரன்’ என்று அவள் சொன்னது அவன் காதில் ‘எல்லாப் பாண்டாக்களும்’ என்று விழுகிறது. ஓநாய்ப் படையோடு போய் பாண்டாக்களின் கிராமத்தை அழித்துவிட்டு வருகிறான்.

நான் வேலை பார்ப்பது மோசடிப் பரிவர்த்தனைகளை முன்கூட்டியே கணிக்கும் மென்பொருளில். ஒரு கணிப்பு எத்தனை அப்பாவிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது, அதற்கு விலை கொடுப்பது யார் என்பதுதான் அங்கே தினசரிப் பஞ்சாயத்து. ஷென்னுக்கு அந்தப் பஞ்சாயத்தே இல்லை. விலை கொடுப்பது அவன் இல்லையே. எட்டாவது குழந்தைக்குப் பயந்து முதல் ஆறையும் கொன்ற கம்சனும் இதே கணக்கைத்தான் போட்டான்.

2011இல் வந்த இந்தப் படத்தை இயக்கியவர் ஜெனிஃபர் யூ நெல்சன். முன்கதையை நிழற்பாவைக் கூத்து மாதிரி காட்டுகிறார். கதாநாயகன் போவின் நினைவுகள் கையால் வரைந்த சித்திரங்களாக வருகின்றன. மற்றதில் பெரும்பகுதி கணினியில் உருவானது. தாய்ப் பாண்டா குழந்தையை ஒரு முள்ளங்கிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்துவிட்டு, ஓநாய்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். அவள் சாவதைக் காட்டுவதில்லை. குழந்தைகளுக்குப் புரியாமல் போகலாம். பெரியவர்கள் தப்பிக்க முடியாது.

அந்தப் பெட்டிதான் பிங் என்கிற வாத்தின் கடைக்கு வந்து சேர்கிறது. ஷென் அந்தப் படுகொலையைச் செய்யாமல் இருந்திருந்தால் போ ஏதோ ஒரு கிராமத்தில் மூங்கில் தின்றுகொண்டு இருந்திருப்பான். விதியைத் தடுக்கப் போனவனே விதியை வரவழைக்கிறான். இது ஈடிபஸ் காலத்துக் கதை, அதை விடுங்கள். என்னைக் குடைவது போவின் பக்கம். அப்பா, கடை, குருகுலம், நண்பர்கள் என்று அவன் நேசிக்கும் எல்லாமே அந்த இரவு இல்லாமல் கிடைத்திருக்காது. அப்படியென்றால் அந்த இரவு நடக்காமல் இருந்திருக்கலாம் என்று அவனால் மனசார ஆசைப்பட முடியுமா? ஆசைப்பட்டால் பிங் இல்லை. ஆசைப்படாவிட்டால் பெட்டியை மூடிவிட்டு ஓடியவளுக்கு அவன் என்ன மகன்?

ஆர். ஜே வாலஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 2013இல் ஏறக்குறைய இந்தக் கேள்விக்காகவே ‘தி வியூ ஃப்ரம் ஹியர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். நமக்கு உயிரான ஒன்றை முழுமனதோடு ஏற்கும்போது, அது உருவாகக் காரணமாக இருந்த கொடுமைகளையும் சேர்த்து ஏற்கும்படி இழுக்கப்படுகிறோம் என்பது அவர் வாதம். அவர் இதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

நம் வீடுகளில் சந்தோஷமாகவே சொல்வோம். எல்லாம் நன்மைக்கே. எனக்குப் பத்து வயதில் அப்பா வேலை பார்த்த மில்லை மூடினார்கள். பிழைக்கக் கோயம்புத்தூர் வந்தோம், நான் படித்தேன், பிறகு ஒரு வீடு கட்டினோம். புதுமனை புகுவிழாப் பந்தியில் மாமா சொன்னார்: “அன்னிக்கு மில்ல மூடுனதாலதான மாப்ளே இன்னிக்கு இந்த வீடு. எல்லாம் நல்லதுக்குத்தான்.” அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, “என்கூட நின்னவன் ஒருத்தன் மருந்தக் குடிச்சான். அவனுக்கு என்ன நல்லது மச்சான்?” என்றார். அதற்கப்புறம் ரசம் வரும்வரை யாரும் பேசவில்லை.

உச்சக்கட்டத்தில், பீரங்கிக் குண்டுகளைக் கையால் ஏந்தித் திருப்பி அனுப்பும் போவிடம் ஷென் திகைத்துப்போய்க் கேட்கிறான்: உன் பெற்றோரையே பறித்தேனே, உனக்கு எப்படி அமைதி வந்தது? தழும்பு ஆறிவிடும் என்கிறான் போ. ஆறுவது காயம்தான், தழும்பு இல்லை என்று கொன்றவனே திருத்துகிறான்! அப்புறம் போ, பழையதெல்லாம் முக்கியமில்லை, இப்போது என்னவாக இருக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்கிற மாதிரி ஏதோ சொல்கிறான்.

இந்த வசனம் எனக்கு ஒப்பவில்லை. படம் அதற்கு முன்பு செய்து காட்டியது இதைவிடப் பெரிய காரியம். மறந்ததால் போவுக்கு அமைதி வரவில்லை. மறந்திருந்தவரை அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் உறைந்துபோய் அடிவாங்குகிறான். அழிந்த கிராமத்தில், மழையில் நின்று எல்லாவற்றையும் நினைவுகூர்ந்த பிறகுதான் அமைதி வருகிறது. அங்கே அம்மாவின் அழுகையும் பிங்கின் கடையும் அடுத்தடுத்து வருகின்றன. படம் அவற்றைக் கணக்காக்கி, இதற்கு அது ஈடு என்று நேர்செய்வதில்லை.

வாலஸுக்கு என் பதிலும் அதுதான். பிங் கிடைத்தது படுகொலைக்குப் பிறகு. படுகொலையின் விளைச்சலாக இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்த வாத்து மறுபடி மூடிவிட்டுப் போயிருக்கலாம். தேடி யாராவது வருகிறார்களா என்று காத்திருந்தது, வராதபோது உள்ளே தூக்கிக்கொண்டு போனது, எல்லாம் பிங்கின் முடிவு. அந்த நல்லது வாத்தின் கணக்கில்தான் ஏற வேண்டும், மயிலின் கணக்கில் இல்லை. போ அந்த வாத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நேசிக்கலாம். அதற்காக அந்த இரவுக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. அது நடந்திருக்கவே கூடாது என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. சொன்னால் தன் வாழ்க்கையே இந்த வடிவில் இருந்திருக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சுமப்பது கஷ்டம்தான். என் அப்பா சுமக்கிறார்.

ஊர் திரும்பிய போ, தான் யார் என்று தெரிந்துவிட்டதாக பிங்கிடம் சொல்கிறான்: உங்கள் மகன். பிறகு யார் சமைப்பது என்று இருவருக்கும் செல்லச் சண்டை. அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கடைசியாக ஒரு காட்சி: எங்கோ மறைவான ஒரு பள்ளத்தாக்கில் பாண்டாக்கள் உயிரோடு இருக்கிறார்கள், அதில் போவைப் பெற்ற அப்பாவும் ஒருவர். அடுத்த பாகத்துக்கான விளம்பரம் என்பது ஒருபக்கம், போ இவ்வளவு நேரம் சுமந்த எடையைச் சட்டென்று பாதியாகக் குறைக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். 2016இல் மூன்றாம் பாகமும் வந்தது. அதில் ஒரு கிராமம் நிறையப் பாண்டாக்கள், ஒரே கும்மாளம். அம்மா மட்டும் திரும்பி வரவில்லை.